சிவப்பு மின்குமிழ் எரியும்போது அறுந்துபோகும் இணைப்பு

அனுப்புநர்:
க. பல்கீஸ்,
கணினி இயக்குநர் (ஒப்பந்த அடிப்படை),
மீனவர் எச்சரிக்கைப் பிரிவு,
கரையோரத் தகவல் நிலையம், திருகோணமலை.

பெறுநர்:
பிரதிப் பணிப்பாளர் அவர்கள்,
கரையோரத் தகவல் நிலையம், திருகோணமலை.

விடயம்: எச்சரிக்கைப் பிரிவின் லினக்ஸ் கணினி மீது போடப்பட்ட பழியும் அதை அகற்றும் உத்தரவும் தொடர்பான முறைப்பாடு

மதிப்புக்குரிய ஐயா,

1. காற்று எச்சரிக்கை வந்தவுடன் அதை மீனவர்களின் கைத்தொலைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவது எனது கடமை. அதற்குப் பயன்படும் கணினி மீனவர் சங்கங்கள் சேர்ந்து அன்பளித்தது. பழைய கணினி என்பதால் அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறோம். நன்றாகவே வேலை செய்து வந்தது.

2. சென்ற மாதம், தரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்று பலத்த ஒரு நாளில், செய்தி பாதி போய்க்கொண்டிருக்கையில் அலுவலக வலையமைப்புடனான இணைப்பு அறுந்தது. செய்திகள் ஊர்ப் பெயர்களின் அகரவரிசையில் போகின்றன. கட்டைபறிச்சானுக்குப் போய்விட்டது, சாம்பல்தீவுக்குப் போகவில்லை. நான் கண்டு தொலைபேசியில் அழைப்பதற்குள் சாம்பல்தீவைச் சேர்ந்த தங்கத்துரை என்பவர் வலையோடு கரையை விட்டுப் போயிருந்தார். காற்று அவரது வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளியது. மறுநாள் சல்லி ஊரைச் சேர்ந்த வள்ளக்காரர் ஒருவர், கை முறிந்து கிடந்த அவரை வள்ளத்தோடு கட்டியிழுத்து வந்தார்.

3. அவரது மனைவி பூரணம் என் மேசைக்கு வந்து, "கட்டைபறிச்சான் ஆக்களுக்குச் சொன்னனீங்கள், எங்களுக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று கேட்டார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

4. தொழினுட்ப உத்தியோகத்தர் திரு. நிப்றாஸ் கணினியை எட்டிப் பார்த்தார், தொட்டும் பார்க்கவில்லை. லினக்ஸ் எமது வலையமைப்புக்கு ஒத்துவராது என்று அறிக்கை எழுதினார். அதை நம்பித் தாங்கள் கணினியை அகற்ற உத்தரவிட்டீர்கள். பார்க்காத நோய்க்கு மருந்து எழுதியது போன்ற இந்த அறிக்கைக்கு எனது கடும் ஆட்சேபத்தைத் தெரிவிக்கிறேன்.

5. அவர் செய்யாத சோதனைகளை நான் செய்தேன். கேபிளை மாற்றினேன். சுவரிலுள்ள பொருத்துமிடத்தை மாற்றினேன். பயன் இல்லை. பின்னர் எனது கணினியைக் கழற்றிவிட்டு, பக்கத்து மேசை பஸ்மியாவின் விண்டோஸ் மடிக்கணினியை வாங்கி, எனது கணினியின் ஐ.பி. முகவரியை, அதாவது வலையமைப்பில் அதற்குரிய இலக்கத்தை, அதற்குக் கொடுத்து இணைத்தேன். அதுவும் அதேபோல் அறுந்தது. ஆகவே குற்றம் லினக்ஸுடையது அல்ல. இதைத் திரு. நிப்றாஸிடம் சொன்னேன், அவர் அறிக்கையை மாற்றவில்லை.

6. இணைப்பு அறும் நேரங்களைக் கவனித்து வந்தேன். எனது மேசையிலிருந்து தங்கள் அறை வாசல் நேராகத் தெரியும். வாசலுக்கு மேலே சிவப்பு மின்குமிழ் எரியும்போதெல்லாம் எனது இணைப்பு அறுகிறது. அணைந்தால் திரும்பி வருகிறது. மின்குமிழ் எரிந்தால் கூட்டம் நடக்கிறது என்றும், எவரும் கதவைத் தட்டக்கூடாது என்றும் இவ்வலுவலகத்தில் வழக்கம். கூட்டத்தால் எப்படி இணைப்பு அறும் என்று எனக்கு விளங்கவில்லை.

7. எனவே ஒரு நாள் மின்குமிழ் எரிகையில், எனது இலக்கம் யாரிடம் இருக்கிறது என்று பஸ்மியாவின் கணினியிலிருந்து வலையமைப்பைக் கேட்டேன். இரண்டு கருவிகள் பதில் சொன்னன. ஒன்று எனது கணினி. மற்றையது, பதிலில் இருந்த தயாரிப்பாளர் குறியீட்டின்படி, தங்கள் அறைத் தொலைக்காட்சி. ஒரே இலக்கத்தில் இரண்டு வீடுகள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

8. இது நேர்ந்த விதமும் தெரிந்தது. இங்கு கதிரை, அலுமாரி, குப்பைக்கூடைக்குக்கூட வெள்ளை மையால் அலுவலகப் பொருட்பதிவு இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அன்பளிப்பாக வந்ததால் எனது கணினிக்கு அது எழுதப்படவில்லை. எழுதப்படாத பொருள் இவ்வலுவலகத்தில் இல்லாத பொருள். ஆகவே அதன் ஐ.பி. முகவரியும் வெறுமையாக இருப்பதாக எண்ணித் திரு. நிப்றாஸ் அதைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டார். மாற்றித் தரும்படி கேட்டேன். "பெரியவரின்ர ரீவியில நான் கை வைக்க ஏலாது, உங்கட கொம்பியூட்டரைக் கழட்டுறது லேசு" என்றார்.

9. குறுஞ்செய்திக் கருவி எனது கணினியின் முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். புதிய கணினி வாங்கினாலும் அதே முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் அறுந்துதான் போகும். தொலைக்காட்சிக்கோ எந்த இலக்கமும் ஒன்றுதான். தங்கள் ஓய்வைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் ஒரு மனிதர் இரவு முழுவதும் முறிந்த கையோடு கடலில் கிடந்ததற்கு, பேச வாயில்லாத ஒரு கணினியைக் குற்றவாளியாக்குவது அநியாயம். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

10. ஆகவே, அகற்றும் உத்தரவை இரத்துச் செய்து, தொலைக்காட்சிக்கு வேறு முகவரி கொடுக்கும்படி திரு. நிப்றாஸுக்குத் தங்கள் வாயால் சொல்ல வேண்டுகிறேன். சில நிமிட வேலை. அதுவரை, மின்குமிழைப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், நான் ஊர் ஊராகத் தொலைபேசியில் அழைத்துக்கொள்வேன்.

11. தங்கத்துரையின் கைக்கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. வருகிற திங்கட்கிழமை பிற்பகல் அவரது மகன் கிருஷாந்தன் அதே வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். கச்சான் ஓயவில்லை. அன்று பிற்பகல் கிரிக்கெட் போட்டி ஒன்றும் ஒளிபரப்பாகிறது என்று பஸ்மியா சொன்னார்.

திங்கட்கிழமைக்கு முன் தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,

க. பல்கீஸ்
(ஒப்பம்)

இடம்: திருகோணமலை
திகதி: 17.07.2025