நீலக் குழாயில் சுடுதண்ணீர்

கை சிவந்த என் அம்மாவுக்கு,

நீ போன பிறகும் நம் குளியலறையில் நீலக் குழாயில்தான் சுடுதண்ணீர் வருகிறது. சிவப்பில் பச்சைத்தண்ணீர். வீடு கட்டியபோது யாரோ மாற்றிப் பூட்டியது. அப்பா அப்போது ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி வருதில்ல? நான் வந்து பாத்துக்கறேன்" என்று போனில் சொன்னார். மழைக்காலந்தோறும் வந்தார். பார்க்கவில்லை.

பாறையை ஆயிரம் அடி துளைக்கிறவருக்கு நாலு டைல்ஸை உடைக்க மனம் வரவில்லை.

அதனால் நீ நின்றாய். யார் குளிக்கப் போனாலும் முன்னால் ஓடி, சோலாரில் கொதித்து இறங்கும் தண்ணீரை வாளியில் பிடித்து, பச்சைத்தண்ணீர் விட்டு விளாவி, வலக்கையை விட்டுச் சூடு பார்த்து. அப்பாவுக்கு ஒரு சூடு. எனக்கு ஒன்று. விருந்தாளிக்கு ஒன்று. உனக்கு யார் விளாவி வைத்தார்கள்? எந்தத் தண்ணீரில் குளித்தாய்? கடைசியாகக் குளிப்பாய். அதுதான் எனக்குத் தெரியும்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அத்தை, தெரியாமல் நீலத்தைத் திறந்துவிட்டாள். அலறல். ஈரச் சேலையோடு வெளியே வந்தாள்.

"ஏனுங்கண்ணா, இது குளிக்கற தண்ணியா, கோழிய முக்கி ரெக்க புடுங்கற தண்ணியா?"

கூடமே சிரித்தது.

"எனக்கென்ன தெரியும்? அதெல்லாம் அவதான பாத்துக்குவா" என்றார் அப்பா. அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"ஏ புள்ள! தண்ணி சுடுது!"

உன்னைத்தான். என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

இப்படியாவது உன்னைத் தேடுகிறாரே என்று கதவுக்கு இந்தப் பக்கம் அழத் தொடங்கியிருந்தேன். உள்ளே குழாயை மூடுகிற சத்தம். பிறகு அதே குரல், அதே அவசரம்.

"சாமி, நீயாச்சும் வந்து வெளாவிக் குடு."

அழுகை நின்றுவிட்டது.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தார். "கோயமுத்தூர் போயி இன்னும் என்னத்தப் படிக்கற? ஊட்டோட இருந்துக்க சாமி. உங்கம்மா இருந்தாப்பல."

"கொழாய மாத்திப் பூட்டீட்டா நீங்களே புடிச்சுக் குளிக்கலாமுங்கப்பா."

"உங்கம்மா இத்தன வருசத்துல ஒரு நாளு கொற சொல்லீருப்பாளா?"

சொல்லவே இல்லையா அம்மா? சொன்னபோது ரிக் இரைந்துகொண்டிருந்ததா?

இன்று குழாய் மாற்ற நான் கூப்பிட்ட ஆள் வந்திருக்கிறார். டைல்ஸ் உடைகிற சத்தத்துக்கு நடுவில் இதை எழுதுகிறேன். அப்பா வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குழாய் சரியாகிவிடும். அவர் நாளைக்கும் உள்ளே போய் நின்று யாரையாவது கூப்பிடுவார். கூப்பிடட்டும். அந்நேரம் நான் நாமக்கல்லிலிருந்து கோவை பஸ் ஏறியிருப்பேன்.

உன்னை மறக்க மாட்டேன். நீ நின்ற இடத்தில் நிற்கவும் மாட்டேன். இது சத்தியம்.

உன் ஒரே மகள்