ஓட்ட ஆளில்லாத தீயணைப்பு வண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அந்த ஊர்க் குளிர் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் முன்னைக்குத் தேவலை. தம்பி வேலைக்குப் போய்வருகிறான், கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவனுக்குக் காது கேட்பதில்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எதிர்வீட்டுக் கீழ்த்தளத்துத் தையல்காரர், உன் பள்ளிச் சீருடையை நீ வளர வளரப் பிரித்துத் தைத்துக் கொடுத்தவர், போய்விட்டார். போன வாரம் மத்தியானம் கடையில் தீப்பிடித்தது. வெளியே வந்தவர், மனைவி மாடியில் தூங்குகிறாள் என்று மறுபடி உள்ளே ஓடினார். தீயணைப்பு நிலையம் தெருமுனையில்தானே, நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வெளிநாட்டுப் புது வண்டி பளபளவென்று நிற்கிறது, பக்கத்தில் நாலு பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள். டிரைவர் எங்கே என்று கத்தினேன். "அந்த போஸ்ட்ல இருக்கறவரு அமைச்சரோட மச்சான் சார், சம்பளம் மட்டும்தான் வாங்குவாரு, வண்டி ஓட்டத் தெரியாது. எங்களுக்கும் பெரிய வண்டி ஓட்டிப் பழக்கமில்ல" என்றான் ஒருவன். இன்னொருவன் அழுதுகொண்டே வாளியோடு என் பின்னால் ஓடிவந்தான். வாளித் தண்ணீர் எந்த மூலைக்கு. அந்தம்மா மொட்டைமாடி வழியாகத் தப்பிவிட்டாள், அவளைத் தேடிப்போனவர்தான் திரும்பவில்லை.

தோண்டுகிற இடமெல்லாம் எண்ணெய் வருகிற நாடு இது, பணத்துக்கா பஞ்சம்? வண்டி வாங்கத் தெரிகிறது, ஓட்டத் தெரிந்தவனை வேலைக்கு வைக்கத் தெரியவில்லை. தீயணைப்புத் துறை மேலதிகாரியைப் போய்ப் பார்த்தேன், மனுஷர் கெட்டவரில்லை, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நியமனம் எங்க கையில இல்லீங்க, நான் வாயத் திறந்தா என்னையும் தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க" என்றார். நேற்று அரசாங்கம் நடவடிக்கை எடுத்தது. அதே நிலையத்துக்கு இன்னொரு புது வண்டி, ரிப்பன் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கும் டிரைவர் இல்லை.

படிப்பை முடித்து வந்து அரசு வேலையில் சேர்ந்து உள்ளேயிருந்து மாற்றுகிறேன் என்று எழுதியிருந்தாய். வேலை கொடுக்கிற முறையே மாறாமல், மேலே இருப்பவனைக் கேள்வி கேட்க ஒரு வழியில்லாமல், நீ ஒருத்தி வந்து என்னம்மா செய்வாய்? வா வா என்று கூப்பிட்டவன் நான்தான், நானே சொல்கிறேன், வராதே. அம்மா உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பேசிவிட்டாள், அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை, நீயே பக்குவமாகச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு கண்ணு.

உன் அப்பா