பம்ப் ஓடுகிறது, அம்மாவிடம் சொல்லவில்லை

சௌல்தாரி

அன்பு மகள் புஷ்பாவுக்கு, அப்பா முனியாண்டி வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு ஜெயமணி டீச்சர் எழுதுகிற கடிதம். திருப்பூரில் நீயும் மாப்பிள்ளை சந்திரசேகரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் போடுகிறார் என்று பதறாதே. போன் அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது, இந்த விஷயம் அவளுக்குத் தெரியக்கூடாது.

நம் மோரிஸ் கார் வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். சுனாமி அலை அடித்துக் காச்சால் தீவை விட்டு ஓடி வந்து, தகரக் கொட்டகையில் வெந்து, கடைசியில் சௌல்தாரியில் குடியேறிய வருஷம், நீ பத்தாவது பரீட்சை எழுதினாய். மரைன் ஹில்லில் இருந்த ஆபீசர் குடும்பம் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போகும்போது நம் தலையில் கட்டிவிட்டுப் போன கிழட்டு வண்டி. அன்றைக்கே அதன் பெட்ரோல் பம்ப் மக்கர்தான். கரண்டில் ஓடுகிற பம்ப், பானட்டுக்குள் இருக்கிறது, சாவியைத் திருகினால் டிக் டிக் என்று அடிக்கும், பெட்ரோல் நிறைந்ததும் நிற்கும். அடிக்காவிட்டால் ஸ்பேனரால் மெல்ல ஒரு தட்டு, ஓடிவிடும். நான் சாவியைத் திருகுவேன், உன் அம்மா பானட் பக்கம் நின்று காது கொடுப்பாள், ஓடுதுங்க என்பாள், இல்லையென்றால் ஒரு தட்டுத் தட்டுவாள். இத்தனை வருஷம் ஜங்லிகாட் சந்தைக்கு வாழைக்காயும் கீரையும் இப்படித்தான் போனது.

போன மாதம் வண்டி வழியில் அடிக்கடி நின்றது. பம்பின் பாயிண்டில் கரி பிடித்திருக்கும் என்று கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன், சரியாகவில்லை. ஒரு பல்பில் ரெண்டு ஒயர் கட்டி, ஒரு முனையை பம்புக்குக் கரண்ட் வருகிற இடத்திலும் மறுமுனையை வண்டி பாடியிலும் வைத்தேன், எரிந்தது. மறுமுனையை பம்பின் மேலேயே வைத்தேன், எரியவில்லை. கரண்ட் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை, அப்படியென்றால் எர்த் ஒயர்தான். உப்புக்காற்று தின்றிருக்கும் என்று பார்த்தால் துரு கிடையாது, ஒயரின் முனை முறிந்து தொங்குகிறது, பம்பெல்லாம் சொட்டை சொட்டையாக நசுங்கிக் கிடக்கிறது. என்னடி இது என்று உன் அம்மாவைக் கேட்டேன். ஓடாட்டி அடிக்காம கொஞ்சவா சொல்றீங்க என்றாள், நானும் சிரித்துவிட்டேன்.

புது ஒயர் போட்டு சாவியைத் திருகிவிட்டு, இறங்கி வந்து பம்பின் மேல் கையை வைத்தேன். பிடித்த கோழிக்குஞ்சு மாதிரி உள்ளங்கையில் துடிக்கிறது, சத்தம் என் கிழட்டுக் காதுக்கே நன்றாகக் கேட்கிறது. பக்கத்தில் நின்ற உன் அம்மா, இன்னும் ஓடல்லங்க, நவுருங்க என்று ஸ்பேனரை ஓங்குகிறாள். அந்தச் சொட்டையெல்லாம் ஓடுகிற பம்பின் மேல் விழுந்த அடி. நான் பாத்துக்கிறேன் என்று சொல்லி ஸ்பேனரை வாங்கி வைத்தேன்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக விளங்கியது. முதுகைக் காட்டி நிற்கும்போது கூப்பிட்டால் பதில் இல்லை. ஜங்லிகாட்டில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தும் அவள் நகரவில்லை, கீரைக்கட்டோடு நான்தான் இழுத்துப் போட்டேன். அரே அம்மா, பெஹ்ரி ஹோ க்யா, செவிடா என்று அவன் கத்தினான், நான் அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். அவன் கேட்டது சரிதான் போலிருக்கிறது. மாப்பிள்ளையை நீ இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை, ரெண்டு வார்த்தை பேசியதும் போனை உங்களிடம் கொடுத்துவிடுகிறாள் என்று அழுதாயே, அது கோபம் இல்லையம்மா, நீ பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஜாடையாகக் கேட்டேன், எனக்கென்ன கேடு என்கிறாள். ரோஷக்காரி, காது போச்சு என்று தெரிந்தால் வண்டியிலேயே ஏற மாட்டாள். பெட்ரோல் பக்கத்தில் அந்த அடி அடித்து ஒரு பொறி கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும். ரோட்டுப் பக்கம் போனால் பின்னாலேயே போகிறேன், ஏன் வால் மாதிரி வர்றீங்க என்று திட்டுகிறாள். நீ கப்பலிலோ பிளேனிலோ ஒரு நடை வா. உனக்கு உடம்புக்கு முடியவில்லை, துணை வேண்டும் என்று பொய் சொல்லியாவது அவளைக் கூட்டிப் போய்க் காது டாக்டரிடம் காட்டு. முகத்தைப் பார்த்துப் பேசு, கத்தாதே, கத்தினால் கண்டுபிடித்துவிடுவாள். பதிலை டீச்சர் வீட்டு விலாசத்துக்குப் போடு, மறந்துவிடாதே. மாப்பிள்ளையும் நீயும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

போதுமா என்று டீச்சர் கேட்கிறார், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிலோனிலிருந்து எங்களோடு வந்து காச்சால் ரப்பர் தோட்டத்தில் இறங்கியவர்களில் அமிர்தவல்லியை அலை கொண்டுபோனது, சிவஞானம் போன மழையோடு போய்விட்டான். பழைய கதையை நான் எடுத்தால் அதைக் காதில் வாங்கி, அப்படி இல்லைங்க, நீங்க மாத்திச் சொல்றீங்க என்று மறித்துப் பேச இனி உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான், உன் அம்மா ரெங்கம்மா.

இப்படிக்குக் கைநாட்டு வைக்கும்
உன் அப்பா முனியாண்டி