எம்மெட் அழுத கண்ணீரில் என் பங்கு

மார்ச் 4, 1956
உலக சரித்திரத்தின் மாபெரும் அநியாயம் இன்று காலை பதினொன்றரை மணிக்கு ஹாலிவுட்டில் நடந்தேறியது. புதுப் படத்தின் தகப்பன் வேடம் எம்மெட் லாசிட்டருக்குப் போய்விட்டது. எனக்கு? அந்தத் தகப்பனிடம் "உன் மகனைத் தூக்கில் போட்டாயிற்று" என்று சொல்லும் ஜெயிலர். ஒன்பது வரி.

அவனும் நானும் ஒரே நாளில் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றவர்கள். முப்பத்தொரு வருடத்தில் நான் நூற்றுப் பதினோரு படங்களில் செத்திருக்கிறேன் — குண்டடி, பாம்புக்கடி, ஒருமுறை பியானோ விழுந்து. அவன் நாலே தடவை. ஆனால் நாலும் கதாநாயகி மடியில்! நான் செத்தால் என்னைத் தாண்டிக் குதிரை போகும்.

மார்ச் 5
தெல்மாவிடம் புலம்பினேன். "இந்த வீட்டுல என் பேரைவிட எம்மெட் பேருதான் அதிகமா கேக்குது. நீ அவரையே கட்டியிருக்கலாம்" என்றாள். மனைவியா இவள்?

மார்ச் 19
ஒரு பத்திரிகை எம்மெட்டின் மூக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறது. மூக்கைப் பற்றி!

ஏப்ரல் 11
என் க்ளோசப்பை இயக்குநர் ஹாஸ்கெல் ரத்து செய்துவிட்டார். "நேரமில்ல பெரியவரே, உங்க முதுகு போதும்." எம்மெட் முகம் மட்டும் எடுப்பார்களாம். யாராவது கேமராவுக்குப் பக்கத்தில் நின்று என் வரிகளை அவனுக்குச் சொல்ல வேண்டும். பெரிய நட்சத்திரங்கள் இந்த நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பதில் வசனம் பார்க்கும் அம்மாள் வரிகளைப் படித்துவிடுவாள். எம்மெட்டும், "நீ போடா க்ளைட், காலு வலிக்கும்" என்றான்.

போவேனா? நின்றேன். கெடுக்கத்தான் நின்றேன் — என்னிடமே எதற்குப் பொய்? ஒன்பது வரியையும் மளிகைப் பட்டியல் மாதிரி ஒப்பித்தேன். எதிரே அவன் முகம் மரப்பலகை. நாலு டேக். ஹாஸ்கெல் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது.

அப்போது எம்மெட் குனிந்து என் காதில் சொன்னான்: "எனக்கு வரலடா. இந்த வேஷம் உனக்குத்தான் வந்திருக்கணும்."

அயோக்கியப் பயல்! அதை ஏன் சொன்னான்? எனக்குத் தெரியாதா? இரு, எப்படி நடிக்கணும்னு காட்டறேன்டா — அந்த வெறியில்தான் ஐந்தாவது டேக்கில் வாயைத் திறந்தேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கடைசி வரியில் குரல் உடைந்தது. விளக்குக்காரன் தொப்பியைக் கழற்றினான். எம்மெட் முகம் அழவில்லை, இடிந்து விழுந்தது. கண்ணீர் அதற்கப்புறம்தான்.

எல்லோரும் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார்கள்.

என் ஆயுளிலேயே நான் நடித்த ஒரே நடிப்பு. கேமரா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 2
படம் பார்த்தோம். திரை முழுக்க எம்மெட் முகம். மூக்கு மட்டும் இரண்டு மாடி. பக்கத்து சீட்டுக்காரி அழுத அழுகையில் கப்பல் விடலாம். தெல்மா என் கையைப் பிடித்து, "அவ அழறது உன் குரலுக்கு" என்றாள்.

பிப்ரவரி 18, 1957
சிறந்த நடிகர் பரிசுக்கான பட்டியலில் எம்மெட். நெஞ்செரிச்சல். மூன்று சோடா.

மார்ச் 3
எம்மெட்டிடமிருந்து போன். "அடுத்த படத்துல உனக்கு வேஷம் இல்லடா. ஆனா என் க்ளோசப் எல்லாத்துக்கும் எதிர்ல நீதான் நிக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதச் சொல்லிட்டேன். திட்டாதே."

திட்டினேன். மூக்கில் ஆரம்பித்து அவன் முப்பாட்டன் வரைக்கும். மூச்சு வாங்கியதும், "எத்தனை மணிக்கு?" என்றேன்.

மார்ச் 25
ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்துக்கே எழுந்து சவரம் செய்து, மீசையை ஒழுங்காக நறுக்கி, நெற்றியில் பவுடர் ஒற்றிக்கொண்டேன்.

"எதுக்கு இவ்வளவு?" என்றாள் தெல்மா. "கேமராதான் உன்னைப் பாக்காதே."

"எம்மெட் பாப்பான்ல?"