யாருடைய இடது?

மார்ச் 3, திங்கள்

பத்தாவது வார ரத்தம் எடுத்து முடித்தாயிற்று. பன்னிரண்டு கூண்டு, கூண்டுக்கு நான்கு, மொத்தம் நாற்பத்தெட்டு சுண்டெலிகள். ஒவ்வொன்றையும் குழாய்க்குள் விட்டு, வால் நுனியிலிருந்து சில சொட்டுகள். ஏழாம் கூண்டில் ஒருத்தி என் கையுறையைக் கடித்தாள். கடிக்கட்டும். கடிக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே.

எல்லாம் என் கையால் உண்டான வம்சம். பிறக்கும்போதே தலசீமியாவோடு, ரத்தம் சரியாக ஊறாத நோயோடு, பிறப்பவை. வெளிறிய வால், வெளிறிய பாதம், வீங்கிய மண்ணீரல். இந்த வம்சத்தை நிலைநிறுத்த ஏழு வருடம் ஆயிற்று. வேறு எங்கும் இது கிடையாது.

கூண்டில் இரண்டுக்கு என் மருந்து, இரண்டுக்கு வெறும் உப்புநீர். இடது காதில் துளை இருந்தால் மருந்து, வலது காதில் இருந்தால் உப்புநீர். துளை போட்டது நான். ஊசி போடுவது எலிக்கூடத்துப் பணியாளர்கள் இருவர். மேல் அடுக்கில் இருக்கும் முதல் ஆறு கூண்டுகள் எலியம்மாவுக்கு. இருபது வருடமாக இங்கேயே இருக்கிறவர். கீழ் அடுக்கு ஆறும் ஸ்டூடியோக்காரருக்கு. போட்டோ ஸ்டூடியோவை மூடிவிட்டுப் போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்.

முடிவு? மொத்தமாகப் பார்த்தால் பூஜ்யம். மருந்தும் ஒன்றுதான், உப்புநீரும் ஒன்றுதான். அடுக்கு அடுக்காகப் பார்த்தால் கூத்து. மேல் அடுக்கில் மருந்து எலிகளுக்கு ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது. கீழ் அடுக்கில் உப்புநீர் எலிகளுக்கு ஏறியிருக்கிறது. உப்புநீருக்கு அத்தனை சக்தி இருந்தால் கடலில் குளிக்கிறவர்களுக்கெல்லாம் நோய் தீர்ந்திருக்க வேண்டுமே. வெளிச்சத்தைச் சோதித்தேன், தீனியைச் சோதித்தேன், மருந்துக் குப்பிகளின் லேபிளை மூன்று முறை படித்தேன். எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

தங்கை போன் செய்தாள். எப்போதும் கேட்கிற கேள்விதான்: "உன் எலி எப்படி இருக்கு? என்னைவிட நல்லா இருக்கா?"

எப்போதும் சொல்கிற பதில்தான்: "உன்னை மாதிரியேதான். வெளுத்துப்போய், வாய் மட்டும் குறையாம."

மார்ச் 6, வியாழன்

இயக்குநர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"பத்து வாரம் பார்த்தாச்சு. ஒண்ணும் வரல. அந்த ரெண்டு அடுக்கும் வேற குழுவுக்கு வேணும். மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடுங்க."

முடிச்சிடுங்க. எவ்வளவு சுலபமான சொல். கூண்டுகளை வாயு அறைக்குள் வைத்துக் குழாயைத் திறந்தால் முடிந்தது, ஏழு வருடமும் சேர்த்து.

பாதி கூண்டில் தலைகீழாக வருவதற்குக் காரணம் தெரியாமல் மூட முடியாது என்றேன். "காரணம் தெரிஞ்சுதான் எல்லாத்தையும் மூடறோமா?" என்று கேட்டுவிட்டு, வம்சத்தை முடிக்கும் படிவத்தை என் பக்கம் தள்ளினார். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

என் அறைக்கு வந்து படிவத்தை எட்டாக மடித்தேன். நுண்ணோக்கி மேசைக்கு ஒரு கால் குட்டை. இரண்டு வருடமாக ஆடுகிறது. அதற்கடியில் வைத்தேன். சரியான கனம்.

மார்ச் 7, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. மேசையும் ஆடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தங்கைக்கு ரத்தம் ஏற்றும் நாள். என் எலிகளுக்கு இருக்கும் அதே தலசீமியா; ஒரு வயதில் ஆரம்பித்தது, முப்பத்து நான்கு வயதாகியும் மூன்று வாரத்துக்கு ஒரு தரம். வலது கை நரம்புகள் கெட்டித்துப் போய்ப் பல வருடமாயிற்று. மிச்சமிருப்பது இடது கைதான்.

புதுச் செவிலியர், ஒரே அவசரம். "எந்தக் கை?" என்றார். "இடது" என்றாள் இவள். அவர் எதிரே நின்றபடி, தன் இடது பக்கமிருந்த கையை எடுத்து ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டார்.

"சிஸ்டர், அது உங்க இடது," என்றாள் தங்கை. "ஊசி எனக்குத்தானே போடப்போறீங்க? அப்போ என்னோட இடதுல போடுங்க."

செவிலியர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

எதிரே நின்றால் இடது வலதாகும். நான் எலிக்குத் துளை போடுவது முதுகுப் பக்கமிருந்து. ரத்தம் எடுப்பதும் வால் பக்கமிருந்து. எனக்கும் எலிக்கும் ஒரே இடது. ஆனால் வயிற்றில் ஊசி போடுகிறவர் எலியை மல்லாக்கப் பிடிக்கிறார். எலி அவர் முகத்தைப் பார்க்கிறது!

மார்ச் 12, புதன்

எதுவும் கேட்காமல் எலிக்கூடத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஸ்டூடியோக்காரர் எலியைப் பிடரியில் பிடித்து மல்லாக்கத் திருப்பினார். நல்ல கை, எலி துள்ளவே இல்லை. இதில் இடது காது எது என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் தன் இடது பக்கமிருந்த காதைக் காட்டினார். எலியின் வலது.

கத்திவிட்டேன். அவர் எலியைக் கூண்டில் விட்டு, மூடியைப் பூட்டி, அதற்குப் பிறகுதான் பேசினார்.

"ஸ்டூடியோவுல இடது பக்கம் திரும்புங்கன்னு சொன்னா ஆளுக்கொரு பக்கம் திரும்புவாங்க மேடம். அதனால என் இடதுதான் இடதுன்னு முப்பது வருஷமா வெச்சிருக்கேன். யாரோட இடதுன்னு கார்டுல எழுதலையே."

கார்டைப் பார்த்தேன். என் கையெழுத்து. 'இடது – மருந்து. வலது – உப்புநீர்.'

எலியம்மாவைக் கேட்டேன். "எலியோட இடதுதான். இதைக்கூடவா கேப்பாங்க?" என்றார். அவருக்குத் தெரியும். இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாருமில்லை. நானா? நானும் இல்லை. ஒரு வார்த்தை எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் உனக்கு? 'எலியின்'. நாலே எழுத்து. அதுக்குச் சோம்பேறித்தனம். பத்து வாரம் போச்சு. இதுல அந்த மனுஷனைப் பார்த்துக் கத்தல் வேற.

மார்ச் 13, வியாழன்

இயக்குநர் முழுவதையும் கேட்டார். "அதாவது, உங்களுக்குப் பிடிக்காத பாதியைத் தலைகீழா திருப்பிக்கிட்டா கணக்கு சரியா வரும்ங்கறீங்க. எலி காதுல துளை போட்டதோட நிறுத்துங்க. என் காதுல பூ சுத்தாதீங்க."

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது சரி. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். பணியாளர் தவறுன்னு எழுதிக் குடுங்க. அவரை அனுப்பிடலாம். உங்க பேரு கெடாம எலிகளை முடிச்சுக்கலாம்."

என் கார்டை அந்த மனிதர் தலையில் கட்டிவிட்டு நான் கைகழுவ வேண்டுமாம். முடியாது என்றேன். இரண்டுக்கும்.

மார்ச் 14, வெள்ளி

யார் வாக்குமூலமும் வேண்டாம். ரத்தமே சொல்லட்டும்.

பத்தாவது வாரம் எடுத்ததில் மிச்சம் ஃபிரீசரில் இருக்கிறது. ஊசி போட்டு நான்கைந்து நாள்வரை மருந்து ரத்தத்தில் தங்கும். எந்த எலிக்குப் போயிற்றோ அதன் ரத்தத்தில் இருந்தே தீரும். நாற்பத்தெட்டு குழாய்களிலும் பழைய லேபிளை எடுத்துவிட்டு வெறும் எண் ஒட்டினேன். எந்த எண் எந்த எலி என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டி இயக்குநர் மேசையில் வைத்தேன். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

குழாய்களை மூன்றாம் மாடி வேதியியல்காரியிடம் கொடுத்தேன். எனக்கும் அவளுக்கும் ஆகாது. அதனால்தான் அவளிடம் கொடுத்தேன்.

மார்ச் 19, புதன்

மூன்றாவது நினைவூட்டல் மெயில். "படிவம் எங்கே?"

பதில் போட்டேன்: "பயன்பாட்டில் இருக்கிறது."

மார்ச் 22, சனி

பயமாக இருக்கிறது. இங்கேதானே எழுத முடியும். உறையைப் பிரித்து, ஒன்றும் பொருந்தாமல் போனால்? மருந்து நிஜமாகவே உதவாக்கரையாக இருந்தால்? இத்தனை நாள் நான் பார்த்தது மருந்தையா, தங்கை முகத்தையா?

இருந்தாலும் சரி. தோற்பதென்றால் சரியான காதில் தோற்கிறேன்.

காலையில் ஸ்டூடியோக்காரர் வாசலில் நின்றார். வேலையை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதி எடுத்து வந்திருந்தார். "குடுங்க," என்றேன். "இன்னொரு மேசையும் ஆடுது." அவர் கடிதத்தைச் சட்டைப்பையில் திருப்பி வைத்துக்கொண்டு கூண்டு கழுவப் போனார்.

மார்ச் 27, வியாழன்

இயக்குநர் அறை. வேதியியல்காரி எண்களைப் படித்தாள், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். "ஒண்ணு, இருக்கு. ரெண்டு, இல்ல. மூணு, இல்ல." இயக்குநரே உறையைக் கிழித்து, பட்டியலில் தன் கையால் குறித்துக்கொண்டே போனார். இருபதாவது எண்ணுக்கு மேல் அவர் பேனா மெதுவாக ஊர்ந்தது.

மேல் அடுக்கில் இடது காது எலிகள் அத்தனைக்கும் மருந்து இருந்தது. கீழ் அடுக்கில் வலது காது எலிகள் அத்தனைக்கும். நாற்பத்தெட்டில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இதை வெச்சு எதையும் வெளியிட முடியாது," என்றார் கடைசியில்.

"தெரியும் சார். முதல்லேருந்து செய்யணும். அதுக்கு வம்சம் உயிரோட இருக்கணும்."

"தவறு யாருடையதுன்னு அறிக்கையில எழுதுவீங்க?"

"கார்டு எழுதினவங்களோடது."

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த மாதம் நான் போட்ட ஒரே கையெழுத்து. வாசலுக்கு வந்தபோது படிவத்தைக் கேட்டார். எங்கே இருக்கிறது என்று சொன்னேன். "சரி, அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

வேதியியல்காரி படியில் என்னைத் தாண்டிப் போகும்போது, "உன் லேபிள் ஒட்டற லட்சணம் சகிக்கல," என்றாள். இப்போதும் எங்களுக்கு ஆகாது.

ஏப்ரல் 21, திங்கள்

மண்ணீரலை எடுத்து எடை பார்ப்பதற்காகப் பழைய நாற்பத்தெட்டையும் முடிக்க வேண்டியிருந்தது. அடுத்தவர் கையில் கொடுக்காமல் நானே செய்தேன். ஏழாம் கூண்டுக்காரி கடைசிவரை கடித்தாள்.

இன்று அதே வம்சத்தின் அடுத்த தலைமுறையோடு புது ஆரம்பம். இந்த முறை சிவப்புக் குப்பி, நீலக் குப்பி. எதில் மருந்து என்று எனக்கே தெரியாது, இயக்குநர் இழுப்பறையில் இருக்கிறது. கார்டு: 'எலியின் இடது – சிவப்பு.' ஒவ்வொரு கூண்டிலும் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு படம். மல்லாக்கப் பிடித்த எலி, அதன் இடது காதுக்கு ஓர் அம்புக்குறி. ஸ்டூடியோக்காரர் தன் பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்த படம். எலியைக்கூட அழகாகக் காட்டியிருக்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

தங்கைக்கு ரத்தம் ஏற்றும் நாள். அதே வார்டு, அதே செவிலியர்.

"உன் எலி எப்படி இருக்கு? என்னைவிட நல்லா இருக்கா?"

போன வாரம் இயக்குநர் இழுப்பறையைத் திறந்ததையும், சிவப்பில்தான் மருந்து இருந்ததையும், இரண்டு அடுக்கிலும் ஒரே முடிவு வந்ததையும் இவளிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். மனிதர்களுக்கு வருவதற்குப் பத்து வருடமும் ஆகலாம், வராமலும் போகலாம் என்பதையும் சேர்த்து. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஆமா," என்றேன். "உன்னைவிட நல்லா இருக்கு. வால் சிவந்திருக்கு."

அவள் கிண்டல் செய்யவில்லை. மேலே தொங்கிய ரத்தப் பையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு எலியைப் பார்த்துப் பொறாமைப்படுவேன்னு நினைச்சதில்லக்கா," என்றாள்.

செவிலியர் எதிரே வந்து நின்றார். எந்தக் கை என்று கேட்கவில்லை. கட்டிலைச் சுற்றி மறுபக்கம் வந்து, தங்கையின் இடது கையில் பட்டையைக் கட்டினார்.