பெஷாவருக்குப் போன பெயர்

27 அக்டோபர் 1947, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் கிடக்கும் புடவை இன்றும் காயவில்லை. தபால்காரர் வந்தார். எதிர்வீட்டுக்கு.

பெஷாவரிலிருந்து என் ஆத்துக்காரருடைய கடைசிக் கடிதம் ஆடி முடிவில். ராணுவக் கணக்கு ஆபீசை மூட்டை கட்டுகிறார்கள், அநேகமாக டில்லிக்கு மாற்றல் என்று எழுதியிருந்தார். பிறகு ஒன்றுமில்லை. டில்லிக்கு எழுதினோம், தந்தி அடித்தோம். பதில் இல்லை. மாமியார் எதுவும் கேட்பதில்லை. வாசலில் தபால்காரர் குரல் கேட்டால் மட்டும் அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

மத்தியானம் வேலை ஓடவில்லை. அவர் கடிதங்களில் எழுதும் பஷ்தோ வார்த்தைகளையும் அத்திம்பேர் சொன்ன ஜாவா வார்த்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். (அத்திம்பேர்: நாத்தனார் கணவர். பட்டாள சப்ளை டிப்போ குமாஸ்தாவாக ஜாவாவில் இருந்துவிட்டுப் போன வருஷம் திரும்பியவர். இப்போது செக்ரடேரியட். வீடு அடுத்த தெரு.)

வீடு: பஷ். கோர். ஜா. ஓமா, மரியாதையாக க்ரியா, அதற்கும் மேலே தலெம்.
பெயர்: பஷ். நூம். ஜா. ஜெனெங், நாமா, அஸ்மா.

பஷ்தோவுக்கு ஒன்று போதும். ஜாவாவுக்கு ஒவ்வொன்றும் மாடிப்படி. இதைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? தெரியவில்லை. எழுதும் நேரத்தில் வேறு நினைப்பு வருவதில்லை, அவ்வளவுதான்.

28, செவ்வாய்

சாயங்காலம் அத்திம்பேரும் நாத்தனாரும். ஜாவா பற்றிக் கேட்டேன்.

"அங்க ஆளைப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறக்கணும், கேட்டியா. நான் தூங்கினா துரு. பெரியவா தூங்கினா ஸாரெ. ஒருநாள் ஒரு கிழவர்கிட்ட, நானே 'ஸாரெ' பண்ணினேன்னு சொல்லிட்டேன். டிப்போவே சிரிச்சுது."

"ஆத்துல மட்டும் அந்த மரியாதை ஒண்ணும் வரக்காணோம்" என்றாள் நாத்தனார்.

அங்கே குழந்தைக்கு அடிக்கடி சீக்கு வந்தால், பெயர் கனம் தாங்கவில்லை என்று சொல்லிப் பெயரையே மாற்றிவிடுவார்களாம். கல்யாணமானால் ஆணுக்குப் புதுப் பெயர்.

பஷ்தோ பேசும் பட்டாணியர் வேறு மாதிரி. கூலியானாலும் பிரபுவானாலும் 'நீ' என்பதற்கு 'தெ' என்ற ஒரே சொல். எதிரே வருபவரிடம் 'ஸ்தடே மஷே', களைத்துப்போகாதே, என்பார்கள். பதில், 'க்வார் மஷே', ஏழையாகாதே. ஆனால் பெண்டாட்டி பெயரை வெளியில் சொல்லமாட்டார்கள், பிறரும் கேட்கக்கூடாது. அவர் ஆபீசில் ஒருவர் "உங்கள் வீடு எப்படி இருக்கிறது" என்று என்னைத்தான் விசாரித்திருக்கிறார். ஓடு மாற்றவேண்டும் என்று இவர் பதில் சொன்னாராம். அந்தக் கடிதத்தைப் படித்து எவ்வளவு சிரித்தேன். இப்போது அதை எடுக்கவே பயம்.

நாமும் 'ஆத்துக்காரர்' என்றுதானே சொல்கிறோம். ஜாவாவில் பெயரை மாற்றலாம், பஷ்தோவில் மூடலாம். இங்கே புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். இதில் எனக்கு நம்பிக்கை உண்டா? படித்தவள் என்று பெயர். சொன்னதில்லை, அவ்வளவுதான் தெரியும்.

30, வியாழன்

பெருங்காயக் கான் ஊருக்குப் போகிறார். வருஷா வருஷம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடியில் தங்கி, வீடுவீடாகக் காயம் விற்பவர். இந்த ஊர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். ஊர் பெஷாவர் பக்கத்துக் கிராமம். பம்பாய் போய்க் கப்பலில் கராச்சி.

மாமியார் வாசலில் வைத்துக் கேட்டேவிட்டார்: "எங்க பிள்ளையைப் பார்த்துச் சொல்வேளா?" சனிக்கிழமை போகும்போது வந்து விவரம் வாங்கிக்கொள்வதாகக் கான் சொன்னார். இவர் பெயரையும் ஆபீசையும் அத்திம்பேர் ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். அன்று தானும் வந்து நிற்பதாகச் சொன்னார்.

ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

1 நவம்பர், சனி



அத்திம்பேர் வரவில்லை. ஏதோ அவசர ஃபைல். கான் வந்துவிட்டார். மூட்டையுடன் கைவண்டி. மழை. என்னைப் பார்க்காமல் தெருப் பக்கம் திரும்பி நின்றார். நிலைக்குப் பின்னாலிருந்து "ஸ்தடே மஷே" என்றேன். தோள் மட்டும் திரும்பியது. "க்வார் மஷே" என்று மெதுவாகச் சொன்னார்.

காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"கடலாசு வேண்டா, அம்மா. வழியில மடியெல்லாம் தடவிப் பார்க்கறான். ஹிந்து பேர் எழுத்துல பார்த்தா எனக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து. எனக்கு எழுத்து படிக்கத் தெரியாது. வாயில தா. வாயில கொண்டு போறேன். நூம்?"

மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னை.

"நான் எப்படிடீ சொல்லுவேன்? என் மாமனார் பேராச்சே அவனுக்கு!"

பிறகு கானிடம்: "அம்பி. அம்பின்னு கேளுங்கோ."

"அம்பி ஆபீசில யாருக்குத் தெரியும்?"

"மதராஸ்காரர், கணக்கு ஆபீஸ்" என்றேன்.

"மதராசி அங்கே எத்தனையோ பேர், பெங்ஙளே." தங்கை என்று கூப்பிடுகிறார்.

கைவண்டிக்காரன் மலையாளத்தில்: "சேட்டா, வேகம் ஆவட்டே! தீவண்டி போகும்!" ரயிலுக்கு நேரமாகிறதாம்.

படித்துச் சொல்லத் தெருவில் ஓர் ஆண் இல்லை. எல்லோரும் ஆபீசில். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். அவளைக் கூப்பிடலாம். ஆனால் அவள் வாயிலும் அந்தப் பெயர் வராது, மாமியாரின் மாமனாரைத் தெரிந்தவள். வயதில் மூத்தவர் பெயர். கான் வண்டியின் மேல் கை வைத்தார்.

சொன்னேன்.

முழுப் பெயர், அப்பா பெயரோடு, ஊரோடு. என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். கான் திருப்பிச் சொன்னார். மறுபடியும். காயப் பொட்டலத்துக்குச் சணலை இறுக்கிக் கட்டுகிற மாதிரி. பிறகு வண்டிக்குப் பின்னால் நடந்தார். தெருக்கோடி வரை அந்தப் பெயர் கேட்டுக்கொண்டே போனது.

அப்புறம்தான் பயம் வந்தது. உயிரோடு இருக்கிற மனிதருக்கு நானே ஏதாவது செய்துவிட்டேனோ. திருமாங்கல்யத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. மாமியார் எனக்கு மோர் சாதம் வைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

2, ஞாயிறு

வெயில். புடவை காய்ந்தது. ஞாயிறு, தபால் கிடையாது. கான் மதராஸ் சேர்ந்திருப்பார்.

அத்திம்பேர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஓடி வந்தேன், தெரு காலி." எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து: "ஜாவாவா இருந்தா இந்நேரம் அவனுக்குப் புதுப் பேரே வெச்சிருப்பா. பயப்படாதே." நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா இருக்கச்சே நீ வாயைத் திறந்தியாக்கும்" என்று மட்டும்.

அவர்கள் போனபின் அடுக்களை. மாமியார் அரிவாள்மணையில் சேனை நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல்,

"நேத்திக்குச் சொன்னியே."

திட்டு வரப்போகிறது என்று நின்றேன்.

"நாமகரணத்தன்னிக்கு அவன் காதுல ஓதினது. அப்புறம் இந்த ஆத்துல ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லே. பெத்தவ நான், நேத்து வரைக்கும் கேட்டதே இல்லே." நறுக்குவதை நிறுத்தினார். "கதவைச் சாத்திட்டு வா. இன்னொரு தரம் சொல்லு."

சாத்தினேன்.