வரப்பை விட்டு இறங்காத கதாநாயகன்

பீரோவின் அடித்தட்டில் பழைய பட்டன் போன் ஒன்று கிடைத்தது. வீட்டிலிருந்த எந்தச் சார்ஜரும் அதற்குப் பொருந்தவில்லை. பாபநாசம் கடைத்தெருவில் ரிப்பேர் கடைக்காரரிடம் கொடுத்தேன். பேட்டரியை மாற்றி அவர் பட்டனை அழுத்தியதும் முதலில் வந்தது அதிலிருந்த விளையாட்டின் இசைதான். கட்டைவிரல் நகம் அளவே இருந்த கதாநாயகன் கையில் கம்போடு ஓடத் தயாராக நின்றான். "இந்த கேமா? இதுக்காக எங்கம்மாகிட்ட எவ்வளவு திட்டு வாங்கிருக்கேங்க!" என்று சிரித்தார் கடைக்காரர். இதை வரைந்தவள் என் தோழி என்று சொல்ல வாயெடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரே ஊரில்தான் பிறந்தோம். ஆனால் ஊரில் நாம் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவே இல்லை. எங்கள் வீட்டு நிலம் மேல வயல், கீழ வயல் இரண்டையும் உன் தாத்தா காலத்திலிருந்து உன் குடும்பம்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்தது. நீ எங்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்பக்கமாக வருவாய், உன் அப்பா சொல்லியனுப்பிய சேதியைச் சொல்லிவிட்டுப் போவாய். படிப்பு முடிந்து, சென்னையில் போன் விளையாட்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி கிடைத்தது. முதல் நாளே நீ என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டாய். எனக்கு அது குளுகுளுவென்று இருந்ததை உன்னிடம் சொன்னதில்லை.

அந்த வருடம் ஒரு படம் சக்கைப்போடு போட்டது. பண்ணையாரிடமிருந்து ஊர் நிலத்தைக் கதாநாயகன் மீட்டுக் கொடுக்கும் கதை. அதை விளையாட்டாக்கும் வேலை நம் கம்பெனிக்கு வந்தது. கடைத்தெரு, வயல், ரைஸ் மில், பங்களா என்று நான்கு கட்டம். கடைசியில் பங்களா இரும்புப்பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்து ஊரிடம் கொடுத்தால் ஜெயம். படம் வரைவது நீ, ஆளை ஓடவைக்கும் புரோகிராம் எழுதுவது நான். ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், மீசை எடுப்பாக இருக்கட்டும் என்றார் மேனேஜர். "மொத்த மூஞ்சிக்கே பன்னெண்டு புள்ளிதான் சார், அதுல மீசைக்கு நாலு குடுத்துருக்கேன்" என்றாய் நீ.

வயல் கட்டத்துக்கு நம் ஊர் வயலையே வரைவோம் என்று நான்தான் ஆசைப்பட்டேன். கட்டம் போட்ட தாளில் வாய்க்கால், மடை, வரப்பு எல்லாம் போட்டு உன் முன்னால் பெருமையாக வைத்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏண்டி, வடிகால்லேர்ந்து வயலுக்குத் தண்ணி ஏறுமா? உங்க வயலுக்கு எந்தப் பக்கம் தண்ணி வருதுன்னுகூடத் தெரியாமயா வளந்த?" அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்திலிருந்து மட்டுமே நான் அந்த வயலைப் பார்த்திருக்கிறேன். நீ தாளைத் திருப்பிப் போட்டு, வாய்க்காலிலிருந்து மேல வயல், மேல வயலிலிருந்து கீழ வயல் என்று தண்ணீர் போகிற வழியை வரைந்தாய். மேலே அடைத்தால் கீழே காய்ந்துவிடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இருபத்து நான்கு வயது எனக்கு.

பிறகுதான் அந்தச் சண்டை வந்தது. நட்ட வயலில் கால் வைத்தால் கதாநாயகனுக்கு ஓர் உயிர் போக வேண்டும் என்று நீ சொன்னாய். மேனேஜர் பதறிப்போனார். "படத்துல வயலுக்குள்ள இறங்கித்தானம்மா அத்தனை பேரையும் அடிக்கிறாரு?"

"அன்னைக்கு மிதிபட்ட நாத்தை நட்டவங்க யாருன்னு படத்துல காட்டலியே சார். குனிஞ்சு நட்டவங்களுக்கு வயிறு எரியும்."

"நாத்தை மிதிச்சா ஹீரோ செத்துப்போவாரா?"

"சாவ வேணாம்னா வரப்புல ஓடட்டுங்க சார்."

ஓடினான். ஒரு காலடி அகலமே உள்ள வரப்பில், வழுக்கும் இடத்தில் தாண்டி, எதிரே வருகிறவனை வரப்பிலேயே சமாளித்து ஓடினான். அந்தக் கட்டம்தான் எல்லாருக்கும் பிடித்தது. மேனேஜர் அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்ததும் உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வயல் கட்டத்தை நீ வரைய ஆரம்பித்த அன்று காலையில் அப்பா போன் செய்தார். எனக்கு வரன் அமைந்துவிட்டது, கல்யாணச் செலவுக்கு இரண்டு வயலையும் மனை போடுகிற ஆளுக்கு விற்கப் போகிறோம் என்றார். "அந்தப் பொண்ணுகிட்ட வாய விட்டுடாத. அவ அப்பன் தாலுகா ஆபீசுல போயி குத்தகைதாரர்னு பேர ஏத்திட்டான்னா, எந்த ஆட்சி வந்தாலும் அசைக்க முடியாது. ஒருத்தனும் வாங்க மாட்டான்." சரிப்பா என்றேன். அந்த வரன் எனக்கும் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

உன் பக்கத்து நாற்காலியில் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் நீ உங்கள் அப்பா உழுத வயலுக்குப் பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாய். நிறம் சரியா என்று என்னைக் கேட்டாய். சரி என்றேன். மேல வயல் அப்பா பேரில் இருந்தது, ஏழாம் நாள் கிரயம் பதிவாகிவிட்டது. கீழ வயலுக்குச் சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் பெங்களூரிலிருந்து வரக் காத்திருந்தார்கள். பதினொன்றாம் நாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து உன் கத்திரிக்காய்க் குழம்பில் பாதியை எனக்குத் தள்ளினாய். அதைச் சாப்பிட முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

நீ கத்தவில்லை. "உனக்கு எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாய்.

"காலையிலதான் அப்பா போன் பண்ணாங்க."

என் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாய். மறுநாள் உங்கள் அப்பா குத்தகைதாரராகப் பேரைப் பதியச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். கீழ வயல் தப்பியது. மேல வயலில் கல் நட்டு மண் அடித்தார்கள். தண்ணீர் வந்த வழி அடைபட்டு, அடுத்தவர் வரப்பை ஒட்டிப் புது வாய்க்கால் வெட்ட உங்கள் அப்பாவுக்கு இரண்டு போகம் போயிற்று.

என் அப்பா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் எனக்கு வசதியாகப் போயிற்று. அவரையே எதிர்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னவள் என்று எல்லாரும் என்னை நினைத்தார்கள். நீ அதைவிட. உன் தம்பி கல்யாணப் பந்தியில் என் தோளைப் பிடித்து உன் சொந்தக்காரர்களிடம் காட்டினாய். "தெரிஞ்ச அன்னைக்கே சொன்னவ இவ." நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த கடைசி வாரம், சொல்லிவிடுவது என்று தீர்மானமாகத்தான் வந்தேன். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். கோழை நான்.

போன் உயிர்பெற்ற மறுநாள் உங்கள் அப்பாவைப் பார்க்கப் போனேன். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். பதினொரு நாள் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருந்தால் மேல வயலும் உங்களிடம் இருந்திருக்கும் என்று சொல்லி அழுதேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வயல் போனது போச்சுங்க பாப்பா. அதை நான் எப்பவோ விட்டுட்டேன். எம் பொண்ணு கடைசி மூச்சு வரைக்கும் உங்கள நம்புனாளே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

வரப்பிலேயே நடந்து வீடு திரும்பினேன். உன்னிடம் சொல்லாத அந்தப் பதினொரு நாளை இப்போதுதான் உனக்கு எழுதுகிறேன்.